ஸ்டாக்கில் ஒரு ஸ்விட்ச் படுத்துட்டா என்ன பண்ணணும்?

சிசிஎன்ஏ படிக்கிறவங்க விலான், ட்ரங்க், எஸ்டிபி எல்லாம் சிமுலேட்டரில் போட்டுப் பார்த்திருப்பீங்க. ஆனா ஸ்டாக் கேபிளைக் கையில் பிடித்து, ஒரு ஸ்விட்சைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை லேபில் அநேகமாகக் கிடைக்காது. வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே அது உங்க தலையில் வந்து விழும். அதனால் இந்த இதழில் அதைப் பார்க்கலாம்.

பொதுவாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு கேஸை எடுத்துக்குவோம். ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் பிளாக். ரேக்கில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300, 48 போர்ட் மாடல், 4 ஸ்விட்ச் ஒரே ஸ்டாக்காக இருக்கு. மொத்தம் 192 போர்ட். நாளைக்குக் காலை 9 மணிக்கு ஆன்லைன் தேர்வு. இன்னைக்கு மாலை 6 மணிக்கு மூன்றாவது ஸ்விட்ச் படுத்துட்டுது. 48 சீட்டில் நெட் இல்லை. மாற்று ஸ்விட்ச் ஒன்று ஸ்டோரில் இருக்கு. வேலை உங்களுடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. இப்போ போயிருப்பது 48 போர்ட். மீதி 144 நல்லாத்தான் ஓடுது. அவசரத்தில் தப்பாகச் செய்தால் அந்த 144-ம் போகும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 144-ஐக் காப்பாற்றுவது பற்றித்தான்.

முதலில் ஸ்டாக் என்றால் என்னன்னு சுருக்கமா

4 பெட்டி, ஆனா நெட்வொர்க்குக்கு அது ஒரே ஸ்விட்ச். ஒரே ஐபி, ஒரே கான்ஃபிகரேஷன், ஒரே லாகின். சிஸ்கோ இதை 2003-ல் கேட்டலிஸ்ட் 3750-உடன் ஸ்டாக்வைஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அப்போ ரிங் வேகம் 32 ஜிபிபிஎஸ், அதிகபட்சம் 9 ஸ்விட்ச். நம்ம 9300-ல் இருப்பது ஸ்டாக்வைஸ்-480. ரிங் வேகம் 480 ஜிபிபிஎஸ், அதிகபட்சம் 8 ஸ்விட்ச்.

ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கமும் 2 ஸ்டாக் போர்ட் இருக்கும். 1-லிருந்து 2, 2-லிருந்து 3, 3-லிருந்து 4, 4-லிருந்து திரும்ப 1. இப்படி ஒரு வளையம். ஒரு பெட்டி ஆக்டிவ், இன்னொன்று ஸ்டாண்ட்பை, மீதி மெம்பர். மூளை ஆக்டிவில்தான். அது போனால் ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கும்.

அடுத்தது மெம்பர் நம்பர். கிகாபிட்ஈதர்நெட் 3/0/17 என்று பார்த்திருப்பீங்களே, அந்த முதல் 3 தான் ஸ்டாக் மெம்பர் நம்பர். அதாவது கான்ஃபிகரேஷன் எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை, நம்பருக்குத்தான் சொந்தம். 3-ம் நம்பர் பெட்டி செத்துப் போனாலும் 3/0/1-லிருந்து 3/0/48 வரைக்குமான விலான், போர்ட் செக்யூரிட்டி எல்லாம் ஆக்டிவிடம் பத்திரமா இருக்கும். ரன்னிங் கான்ஃபிகில் "ஸ்விட்ச் 3 ப்ரொவிஷன் சி9300-48பி" என்று ஒரு வரி இருக்கும், பாருங்க. "3-ம் நம்பரில் இந்த மாடல் வரும், வந்தா இந்த செட்டிங்கைக் கொடு" என்று அதற்கு அர்த்தம். அதே மாடல், அதே நம்பரோட வந்து உட்கார்ந்தால் ஒரு கமாண்டும் அடிக்காமலே பழைய வேலையைத் தொடரும்.

சிலர் "ஷோ ஸ்விட்ச்" போட்டுப் பார்த்து, 3-க்கு நேரே ரிமூவ்டு என்று இருப்பதைப் பார்த்துட்டு, "க்ளீன் பண்றேன்" என்று அந்த ப்ரொவிஷன் வரியை "நோ" போட்டு நீக்கிடுவாங்க. செய்யாதீங்க. அந்த வரியோட 48 போர்ட்டின் செட்டிங்கும் போயிடும்.

நிஜமாவே செத்துப்போச்சா?

பழுதைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. "ஷோ ஸ்விட்ச்" அவுட்புட்டில் 3-ம் நம்பருக்கு மேக் அட்ரஸ் எல்லாம் பூஜ்யம், ப்ரையாரிட்டி 0, நிலை ரிமூவ்டு. இதற்கு அர்த்தம் "எனக்கு அவர் தெரியவில்லை" என்பது மட்டும்தான். இறந்துட்டார் என்று அர்த்தமில்லை.

பவர் கார்டைப் பிடுங்கி வேற சாக்கெட்டில் போட்டுப் பாருங்க. 9300-ல் பவர் சப்ளை தனியாகக் கழற்றக்கூடியது, பக்கத்தில் உபரி இருந்தால் மாற்றிப் பாருங்க. விளக்கு எரியுது ஆனா ஸ்டாக்கில் இல்லை என்றால் கன்சோல் கேபிளை நேராக அந்தப் பெட்டியில் சொருகுங்க. பூட்லோடர் ப்ராம்ப்டில் நின்னுக்கிட்டிருந்தால் இமேஜ் கெட்டுப் போயிருக்கலாம். அதை யுஎஸ்பி டிரைவிலிருந்து ஏற்றிச் சரிசெய்யலாம், பெட்டியை மாற்ற வேண்டாம். நல்லாவே பூட் ஆகி, தனியா ஒரு ஸ்விட்சா நிற்குது என்றால் ஸ்டாக் கேபிளைச் சந்தேகப்படுங்க. "ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்" எந்தப் பக்கம் டவுன் என்று காட்டும். "ஷோ ஸ்விட்ச் நெய்பர்ஸ்" யாருக்குப் பக்கத்தில் யார் என்று காட்டும். அந்த கேபிளில் கையால் திருகும் ஸ்க்ரூ இருக்கும். பாதி திருகி விட்ட கேபிள் பல நாள் நல்லாவே வேலை செய்து, ஒருநாள் யாரோ ரேக் கதவைச் சாத்தும்போது விட்டுப்போகும்.

இதெல்லாம் பார்த்தும் விளக்கே எரியலை என்று வைப்போம். மாற்றித்தான் ஆகணும்.

மேசை மேலேயே முடிக்க வேண்டிய வேலை

புது ஸ்விட்சை நேரா ரேக்குக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. முதலில் மேசையில் தனியாக வைத்து பவர் கொடுத்து, கன்சோலில் 5 விஷயம் பாருங்க.

மாடல். 48பி போன இடத்துக்கு 48பி-தான் வரணும். 48டி வைத்தால் போர்ட் எண்ணிக்கை சரியா இருக்கும், ஆனா அதில் பிஓஇ கிடையாது. வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டும் ஐபி ஃபோனும் எழவே எழாது. அதுமட்டுமில்லை, மாடல் மாறினால் ஸ்டாக் பழைய ப்ரொவிஷன் செட்டிங்கை விட்டுட்டு டிஃபால்ட் செட்டிங் கொடுத்து, ப்ரொவிஷன் வரியையும் புது மாடலுக்கு மாற்றிடும். அப்புறம் 48 போர்ட்டையும் நீங்களேதான் திரும்ப எழுதணும்.

மென்பொருள். ஓடுகிற ஸ்டாக்கில் "ஷோ வெர்ஷன்" போட்டு ஐஓஎஸ் எக்ஸ்இ பதிப்பைக் குறிச்சுக்கோங்க. புதுசிலும் அதே பதிப்பு, ஒரு புள்ளி வித்தியாசமில்லாமல். வேறாக இருந்தால் புது பெட்டி வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று வெளியே நிற்கும். தானாக அப்கிரேடு பண்ணிக்கொள்ளும் வசதி இருக்கு, ஆனா அது இன்ஸ்டால் மோடில்தான் வேலை செய்யும், பண்டில் மோடில் செய்யாது. தேர்வுக்கு முந்தின ராத்திரி அந்த வசதியை நம்பி நிற்பதைவிட, மேசையில் யுஎஸ்பி டிரைவிலிருந்து இமேஜை ஏற்றி முடிப்பது நிம்மதி. "ஷோ வெர்ஷன்" கடைசியில் வரும் அட்டவணையிலேயே இன்ஸ்டாலா பண்டிலா என்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றா இருக்கணும்.

லைசென்ஸ். ஸ்டாக் நெட்வொர்க் அட்வான்டேஜில் ஓடினால் புதுசும் அதிலேயே இருக்கணும். நெட்வொர்க் எசென்ஷியல்ஸோட வந்தால் சேராது.

மெம்பர் நம்பரும் ப்ரையாரிட்டியும்தான் மீதி இரண்டு. டப்பாவிலிருந்து வரும் புது ஸ்விட்சின் நம்பர் 1, ப்ரையாரிட்டி 1. நம்ம ஸ்டாக்கில் ஏற்கனவே ஒரு 1 இருக்கு. மோதல் வந்தால் புதுசு இருப்பதிலேயே சின்ன காலி நம்பரை எடுத்துக்கும். நம்ம கேஸில் 1, 2, 4 இருப்பதால் 3 கிடைக்கும். அதிர்ஷ்டம்! ஆனா ஸ்டோரில் இருந்த ஸ்விட்ச் முன்னாடி வேற பிளாக்கில் 5-ம் நம்பராக இருந்திருந்தால்? 5 இங்கே காலி. மோதலே இல்லை. அது 5 ஆகவே வந்து உட்காரும். போர்ட் எல்லாம் 5/0/1, 5/0/2 என்று டிஃபால்ட் செட்டிங்கில் வரும். 3 ரிமூவ்டு என்றே இருக்கும். ஸ்விட்ச் ரெடி, லிங்க் லைட் பச்சை, ஆனா எல்லா சிஸ்டமும் விலான் 1-ல். வெளியே இருந்து பார்த்தால் என்ன தப்பு என்றே புரியாது.

இங்கே நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று. "ரைட் இரேஸ்" போட்டு, விலான் டேட்டாபேஸ் ஃபைலையும் அழித்து ரீலோடு பண்ணினால் பெட்டி புதுசு மாதிரி ஆகிடும் என்று நினைப்போம். மெம்பர் நம்பரும் ப்ரையாரிட்டியும் அதில் அழியாது. அவை ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் இல்லை, பூட்லோடரின் என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கு. அதனால் தனியாக "ஸ்விட்ச் 5 ப்ரையாரிட்டி 1", அப்புறம் "ஸ்விட்ச் 5 ரீநம்பர் 3" என்று அடிச்சு, ரீலோடு பண்ணி, "ஷோ ஸ்விட்ச்" போட்டு 3 என்று வருதா பாருங்க. 9300-ல் இவை எக்ஸெக் மோட் கமாண்ட். பழைய 3750-ல் கான்ஃபிக் மோடில் அடிக்கணும்.

இதெல்லாம் முடிந்ததும் பவரை அணைச்சு, கார்டைக் கழற்றிடுங்க. கார்டு வெளியேதான் இருக்கணும். ஏன் என்று அடுத்து.

கரன்ட்டோட சேர்த்தால் என்ன ஆகும்?

ஸ்டாக்கில் யார் ஆக்டிவ் என்பதற்கு ஒரு தேர்தல் நடக்கும். 9300-ல் வரிசை இது: ஏற்கனவே ஆக்டிவாக இருப்பவர், அடுத்து ப்ரையாரிட்டி அதிகம் உள்ளவர் (1 முதல் 15 வரை), அடுத்து சீக்கிரம் பூட் ஆனவர், கடைசியில் சின்ன மேக் அட்ரஸ் உள்ளவர்.

அணைந்திருக்கும் ஸ்விட்சை ஓடுகிற ஸ்டாக்கில் கேபிள் மாட்டி, பிறகு பவர் கொடுத்தால் பிரச்சினையே இல்லை. அது கண் விழித்துப் பார்க்கும்போது ஒரு ஆக்டிவ் ஏற்கனவே இருக்கார். முதல் விதியிலேயே முடிவு. புதுசு அடங்கி மெம்பராகச் சேரும். அதன் ப்ரையாரிட்டி 15 ஆக இருந்தாலும் சரி.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சை ஸ்டாக் கேபிளில் இணைத்தால் கதை வேற. தனியா ஓடும் ஸ்விட்ச் தனக்குத்தானே ஆக்டிவ். அதாவது அதுவும் ஒரு பெட்டி உள்ள ஒரு ஸ்டாக். இப்போ நடப்பது சேர்க்கை இல்லை, இரண்டு ஸ்டாக்கின் இணைப்பு. இரண்டு ஆக்டிவ் இருப்பதால் முதல் விதி உதவாது. இரண்டாவது விதிக்குப் போகும், ப்ரையாரிட்டி. நம்ம ஸ்டாக்கில் யாரும் ப்ரையாரிட்டி வைக்கவில்லை, எல்லாம் டிஃபால்ட் 1. ஸ்டோர் ஸ்விட்சில் முந்தின பிளாக்கின் 15 அப்படியே இருக்கு. ஜெயிப்பது யார்?

தோற்றவங்க ரீலோடு ஆவாங்க. 3 பெட்டி, 144 போர்ட், பல நிமிடம். எழுந்து வரும்போது ஜெயித்தவரின் கான்ஃபிகோட வருவாங்க. வேற பிளாக்கின் விலான், வேற மேனேஜ்மென்ட் ஐபி, வேற பாஸ்வேர்டு. ஸ்டாக்கில் கான்ஃபிக் எல்லாருக்கும் ஒத்திசைக்கப்படுவதால் நம்ம பழைய கான்ஃபிக் பெட்டிக்குள் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். 48 சீட் பிரச்சினையாக இருந்தது 192 ஆகிடுச்சு, மணி ராத்திரி 10.

ஆகவே ரேக்கைத் தொடுவதற்கு முன்னாடியே ரன்னிங் கான்ஃபிகை டிஎஃப்டிபி சர்வருக்கோ உங்க லேப்டாப்புக்கோ எடுத்து வைங்க. ஃப்ளாஷில் காப்பி எடுத்தால் மட்டும் போதாது, பெட்டிக்கு வெளியே ஒன்று இருக்கணும். அதோட, உங்க ஆக்டிவுக்கு 15, ஸ்டாண்ட்பைக்கு 14 என்று ப்ரையாரிட்டியை முன்கூட்டியே வைத்துவிடுவது நல்ல பழக்கம். ஸ்டாக் கட்டும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை, பலரும் செய்வதில்லை.

ரேக்கில் இறங்கியாச்சு

ஃபோட்டோ எடுங்க. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பேட்ச் கார்டு எதுவும் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் போர்ட் நம்பர் ஒட்டுங்க. 12, 12 ஆகச் சேர்த்து வெல்க்ரோவில் கட்டினால் திரும்ப மாட்டுவது சுலபம். கையில் எர்த் ஸ்ட்ராப் போட்டுக்கோங்க.

இப்போ பின்பக்கம். இங்கேதான் கை தவறும். 3 செத்துப் போனதால் வளையம் ஏற்கனவே அறுந்திருக்கு. 2, 1, 4 என்று ஒரு சங்கிலியாக நிற்குது. "ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீடு" போட்டால் ஹாஃப் என்று காட்டும். வேகம் பாதி, ஆனா வேலை நடக்குது. நீங்க கழற்ற வேண்டியது 2-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள கேபிள், 3-க்கும் 4-க்கும் நடுவில் உள்ள கேபிள். இரண்டே இரண்டு.

ரேக்கின் பின்னால் இருட்டில், 4-லிருந்து 1-க்குப் போகும் அந்த நீளமான கேபிளைத் தெரியாமல் பிடுங்கினால்? சங்கிலி இரண்டாக உடையும். 1-ம் 2-ம் ஒரு பக்கம். 4 தனியா. 4 தன்னையே ஆக்டிவ் ஆக்கிக்கொள்ளும். அதனிடமும் அதே கான்ஃபிக் காப்பி, அதே ஐபி. நெட்வொர்க்கில் ஒரே ஐபியோட 2 ஸ்விட்ச். கேட்வே ஐபி அதில்தான் இருந்தால் லேப் முழுக்க விட்டு விட்டு நெட் வரும், போகும். முழுசா போவதைவிட இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் கேபிளைத் தொடும் முன், இரண்டு நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்க. ஒருத்தர் லேப்டாப்பில் "ஷோ ஸ்விட்ச் நெய்பர்ஸ்" பார்த்துச் சொல்ல, ஒருத்தர் பின்னால் நிற்க, ஆக இரண்டு பேர் போவது உத்தமம்.

சில இடங்களில் ஸ்டாக்பவர் கேபிளும் இருக்கும். அது வேற, டேட்டா போகாது, பவரைப் பகிர்ந்துகொள்ள மட்டும். பவர் வளையத்தில் அதிகபட்சம் 4 ஸ்விட்ச். அதைக் கழற்றும்போது மீதிப் பெட்டிகளின் பவர் சப்ளை அவங்க பிஓஇ சுமைக்குப் போதுமா என்று முன்னாடியே கணக்குப் பாருங்க. போதவில்லை என்றால் ஆக்சஸ் பாயின்ட்கள் வரிசையாக அணையும்.

பழைய பெட்டியிலிருந்து அப்லிங்க் மாட்யூல், எஸ்எஃப்பி, நல்ல பவர் சப்ளை ஆகியவற்றைக் கழற்றிப் புதுசில் போடுங்க. மாட்யூல் மாறினால் அப்லிங்க் போர்ட்டின் பெயரும் மாறலாம், அப்போ பழைய செட்டிங் ஒட்டாது. புதுசை ரேக்கில் ஏற்றி, ஸ்டாக் கேபிள் இரண்டையும் பழைய இடத்திலேயே மாட்டி, ஸ்க்ரூவைக் கையால் முழுசாகத் திருகுங்க. கடைசியாகத்தான் பவர் கார்டு.

பவர் கொடுத்த பிறகு

பொறுமை. 9300 பூட் ஆகச் சில நிமிடம் பிடிக்கும். நடுவில் "ஏதோ ஹேங் ஆகிடுச்சு" என்று அணைக்காதீங்க. "ஷோ ஸ்விட்ச்" போட்டுக்கிட்டே இருந்தால் 3-ன் நிலை படிப்படியாக மாறி ரெடி என்று வரும். அடுத்து ஸ்டாக்-போர்ட்ஸ் எல்லாம் ஓகே, ரிங் ஃபுல். பிறகு "ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்" பார்த்து 3/0/1 முதல் சரியான விலான் வந்திருக்கா, "ஷோ பவர் இன்லைன்" பார்த்து ஆக்சஸ் பாயின்ட் எழுந்திருக்கா, "ஷோ ஈதர்சேனல் சம்மரி" பார்த்து 3-ன் அப்லிங்க் பண்டிலில் சேர்ந்திருக்கா. ஒரு சீட்டில் நீங்களே உட்கார்ந்து தேர்வு தளத்தைத் திறந்து பாருங்க. ஸ்விட்ச் ரெடி என்று சொல்வதும் மாணவருக்கு லாகின் பக்கம் வருவதும் ஒன்றில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் சேவ் பண்ணுங்க. மேசையில் நம்பரைப் பார்க்காமல் விட்டு, அது 5 ஆக வந்திருந்தால் பதறாமல் "ஸ்விட்ச் 5 ரீநம்பர் 3" அடிச்சு, "ரீலோடு ஸ்லாட் 5" கொடுங்க. ஸ்லாட் என்ற வார்த்தையை விட்டு வெறும் "ரீலோடு" அடித்தால் மொத்த ஸ்டாக்கும் போகும், ஜாக்கிரதை. அது 3 ஆகத் திரும்பி வந்ததும் "நோ ஸ்விட்ச் 5 ப்ரொவிஷன்" போட்டு அந்த மிச்சத்தை நீக்கலாம்.

செத்தது 3 இல்லை, ஆக்டிவாக இருந்த 1 என்றால்? முறை அதேதான். அந்நேரம் ஸ்டாண்ட்பை 2 ஆக்டிவாகியிருக்கும், புது பெட்டி 1-ம் நம்பரோட சாதாரண மெம்பராகச் சேரும். 15 கொடுத்தாலும் பதவியைப் பிடுங்காது. அடுத்த முறை மொத்த ஸ்டாக்கும் ரீலோடு ஆகும்போதுதான் மாறும். மாறாவிட்டாலும் நஷ்டமில்லை, விட்டுடுங்க.

வேற கம்பெனி பெட்டியில் இந்தக் கமாண்ட் எதுவும் வேலை செய்யாது, ஆனா கேள்விகள் இதே. ஜூனிப்பரின் விர்ச்சுவல் சேஸிஸில் ப்ரீப்ரொவிஷன் முறையில் ஒவ்வொரு மெம்பரும் சீரியல் நம்பரால் பதிவாகியிருக்கும். அங்கே பழைய சீரியலை நீக்கி புதுசை எழுதாமல் பெட்டியை மாற்றினால் அது மெம்பராகச் சேராது.

கடைசியாக, கழற்றிய பழைய பெட்டி. அதிலும் உங்க பாஸ்வேர்டு, எஸ்என்எம்பி எல்லாம் இருக்கு, உயிர் இருந்தால் அழிச்சுட்டு அனுப்புங்க. அது முன்னாள் ஆக்டிவாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. "ஷோ ஸ்விட்ச்" அவுட்புட்டின் மேலே மேக் பெர்சிஸ்டென்சி வெயிட் டைம் என்று ஒரு வரி வரும். அதில் இன்டெஃபினிட் என்று இருந்தால், அந்தப் பெட்டி போன பிறகும் ஸ்டாக் அதன் மேக் அட்ரஸையே வைத்துக்கொண்டு ஓடும். பக்கத்தில் ஃபாரின் மேக் அட்ரஸ் என்று எழுதியிருக்கும். அந்தப் பெட்டியைப் பவர் சப்ளை மாற்றிச் சரிசெய்து அதே கேம்பஸில் ஹாஸ்டல் பிளாக்கில் மாட்டினால் ஒரே நெட்வொர்க்கில் ஒரே மேக் இரண்டு இடத்தில் இருக்கும். மாட்டும் முன் இந்த ஸ்டாக்கில் அந்த வரியைப் பார்த்துட்டு மாட்டுங்க.